61 கிலோவுக்கு ஆள் தேவை

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு பக்கம் கோயில் கொடைக்கு அடிக்கிற கபடி நோட்டீஸைப் பார்த்திருப்பீர்கள். பரிசுத் தொகை, கோப்பை உபயம், வாழ்த்தும் நெஞ்சங்களின் பாஸ்போர்ட் சைஸ் படங்கள், இத்தனைக்கும் நடுவே கொட்டை எழுத்தில் ஒரு வரி இருக்கும்: ‘55 கிலோ எடைப் பிரிவு’. சில ஊரில் 60, சில ஊரில் 65. எடை வரம்பே இல்லாத ‘ஓபன்’ போட்டி என்றால் வெளியூர்ப் பெரிய டீமெல்லாம் வந்து இறங்கும். சாப்பாட்டுச் செலவே விழாக் கமிட்டியின் கழுத்தைப் பிடிக்கும். உள்ளூர்ப் பிள்ளைகளை ஆடவிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் சின்ன எடைதான் தோது.

போட்டியன்று காலையில் பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு எலெக்ட்ரானிக் தராசு வந்து உட்காரும். பெரும்பாலும் கமிஷன் கடையில் இரவல் வாங்கியதாக இருக்கும். முந்தின வாரம்வரை உளுந்தும் பருத்தியும் ஏறிய தட்டில் பையன்கள் ஒவ்வொருவராக ஏறுவார்கள். சட்டை, பனியன், அரைஞாண் கயிற்றுத் தாயத்து என்று எல்லாம் கழன்றுவிடும். 55.300 காட்டினால் முகம் செத்துப்போகும். அந்தப் பையனை ஜெர்கின் மாட்டிவிட்டு வெயிலில் ஓடவிடுவார்கள். எச்சில் துப்பிக்கொண்டே ஓடுவான். ஒன்றுக்குப் போய்விட்டு வந்து ஏறுவான், அப்படியும் 100 கிராம் கூடினால் சலூனுக்குப் போய் மொட்டை அடித்துக்கொண்டு வந்து நிற்பான். 

அமெரிக்காவின் லாஸ் வேகாஸில், கோடிக்கணக்கான ரூபாய் புரளும் எம்.எம்.ஏ. போட்டிகளிலும் சண்டைக்கு முந்தின நாள் நடப்பது ஏறக்குறைய இதுவேதான். அங்கே இரவல் தராசு கிடையாது. துணி முழுக்கக் கழற்ற வேண்டியிருந்தால் இரண்டு பேர் துண்டைப் பிடித்து மறைத்துக்கொள்வார்கள். மற்றபடி அதே வறண்ட உதடு, அதே குழி விழுந்த கன்னம்.

எடை பார்த்து ஆள் பிரிக்கிற விளையாட்டுகளில் ரசிகர்கள் ஓயாமல் சண்டை போட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. எந்த எடையில் ஆள் நிறைந்து வழிகிறது, எந்த எடையில் ஆளே இல்லை? கரிசக்காட்டிலிருந்து இதைக் கேட்டால் பதில் கொஞ்சம் வேறு மாதிரி வருகிறது.

எம்.எம்.ஏ. என்கிற கலப்புச் சண்டை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. குத்து, உதை, மல்யுத்தம், ஜூடோ, தரையில் உருண்டு கழுத்தை நெரிப்பது, கையை முறுக்குவது எல்லாம் சேர்ந்த ஆட்டம். இதில் பெரிய கம்பெனியான யு.எஃப்.சி. 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் முதல் போட்டியை நடத்தியபோது எடைப் பிரிவே கிடையாது. சுமார் 80 கிலோ எடையுள்ள பிரேசில்காரர் ராய்ஸ் கிரேசி தன்னைவிடப் பெரிய ஆட்களையெல்லாம் தரையில் போட்டு நெரித்து ஜெயித்தார். மறு வருஷம் கீத் ஹாக்னி என்கிற 90 கிலோ ஆசாமி, ஏறக்குறைய 280 கிலோ எடையுள்ள சுமோ வீரர் இமானுவேல் யார்ப்ரோவை விழுத்தினார். பார்க்க வேடிக்கையாக இருந்தது, விளையாட்டாக இல்லை. 1997இல் இரண்டு பிரிவு வந்தது. படிப்படியாக ஆண்களுக்கு எட்டு ஆனது: 56.7, 61.2, 65.8, 70.3, 77.1, 83.9, 93, கடைசியாக 120.2 கிலோ. பெண்களுக்கு இப்போது 52.2, 56.7, 61.2 என மூன்றே மூன்று. பவுண்டில் போட்ட கணக்கைக் கிலோவாக்கியதால்தான் இந்தப் புள்ளி எண்கள்.

இந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கீழே இருக்கும் பிரிவுகளுக்கு நடுவே நாலரைக் கிலோதான் இடைவெளி. மேலே 93க்கும் 120க்கும் நடுவே 27 கிலோ! நம்மூர்ப் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனுடைய எடையில் பாதி. அந்த அகலமான பள்ளத்தில்தான் ஆள் பஞ்சம்.

93 கிலோ பட்டத்தின் கதையைக் கேட்டால் சிரிப்பு வரும். ஜான் ஜோன்ஸ் 2020இல் பட்டத்தை வைத்துவிட்டுப் போனார். போலந்தின் யான் பிவாகோவிச் எடுத்தார். அவரிடமிருந்து 2021இல் க்ளோவர் டெஷேரா வாங்கியபோது டெஷேராவுக்கு வயசு 42. அடுத்து வந்த செக் நாட்டுக்காரர் யீரி புரோஹாஸ்கா தோளைப் பெயர்த்துக்கொண்டு பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார். காலியான பட்டத்துக்கு 2022 டிசம்பரில் இருவரை மோதவிட்டால் அது டிரா! 2023 ஜனவரியில் ஜமாஹல் ஹில் ஜெயித்தார். ஆறே மாதத்தில் குதிகால் தசைநார் அறுந்து அவரும் திருப்பிக் கொடுத்தார். கடைசியில் கீழ்ப் பிரிவான 83.9 கிலோவிலிருந்து அலெக்ஸ் பெரேரா ஏறிவந்துதான் அந்த இடத்துக்கே ஒரு மரியாதை வந்தது. கீழ் வகுப்புப் பையன் வந்து மேல் வகுப்பில் முதல் மார்க் எடுத்தால் மேல் வகுப்பைப் பற்றி என்ன நினைப்போம்?

அதற்கும் மேலே, ஹெவிவெயிட்டில், 2023இல் பட்டம் வென்ற அதே ஜான் ஜோன்ஸ் 42 வயது ஸ்டீபே மியோசிச்சோடு ஒரே ஒரு தடவை காப்பாற்றிக்கொண்டு 2025 ஜூனில் ஓய்வு அறிவித்துவிட்டார். அதுவரை இங்கிலாந்தின் டாம் ஆஸ்பினால் ‘இடைக்கால சாம்பியன்’ என்ற அட்டையை மாட்டிக்கொண்டு ஒன்றரை வருஷத்துக்கு மேல் வாசலிலேயே நின்றார். ஒருவழியாக முழுப் பட்டம் கைக்கு வந்து 2025 அக்டோபரில் அபுதாபியில் இறங்கினால், எதிராளியின் விரல் கண்ணில் குத்தி ஆட்டமே முடிவில்லாமல் போனது.

ஏன் இப்படி? காரணம் ஒன்றும் ரகசியமில்லை. ஆறரை அடி உயரமும் 110 கிலோ எடையும், அதோடு மான் மாதிரி ஓட்டமும் உள்ள ஒருவன் உலகத்தில் எங்கே பிறந்தாலும் அவனைத் தூக்கிக்கொண்டு போக அமெரிக்கன் ஃபுட்பால், கூடைப்பந்து, ரக்பி எல்லாம் வாசலில் நிற்கின்றன. அங்கே சம்பளம் அதிகம், மூக்கு உடைவது குறைவு. மிச்சம் மீதிதான் கூண்டுக்கு வருகிறது. பிரான்சிஸ் எங்கானு மாதிரி, கேமரூனில் மணல் குவாரியில் வேலை பார்த்து, பாரிஸ் தெருவில் படுத்துக்கிடந்து, 26 வயசுக்கு மேல் பழகி உலக சாம்பியன் ஆனவர் விதிவிலக்கு. அவரும் 2023இல் சம்பளத் தகராறில் யு.எஃப்.சி.யை விட்டுப் போய்விட்டார்.

கீழே நேர் எதிர். 61.2 கிலோவில் ஜார்ஜியாவின் மெராப் திவாலிஷ்விலி 2025ஆம் ஆண்டில் மட்டும் மூன்று தடவை பட்டத்தைக் காத்து, அதே வருஷம் நாலாவது தடவை இறங்கி பெத்ர் யானிடம் இழந்தார். வரிசையில் அத்தனை பேர். ஆனால், ஆள் நிறைந்த பிரிவையும் கம்பெனி மதிக்கும் என்று சொல்லிவிட முடியாது. 56.7 கிலோவில் டெமட்ரியஸ் ஜான்சன் தொடர்ந்து 11 முறை பட்டத்தைக் காத்தவர். எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரர்! 2018இல் அவரை ஆசியாவின் ஒன் சாம்பியன்ஷிப் கம்பெனிக்கு மாட்டை மாற்றுவதுபோல மாற்றிக் கொடுத்தார்கள். குட்டி ஆட்கள் சண்டைக்குக் கூட்டம் வரவில்லை என்று அந்தப் பிரிவையே மூடப் பார்த்தார்கள். தப்பிப் பிழைத்தது. 2025 டிசம்பரில் அந்தப் பட்டத்தை வாங்கியவர் ஜோஷுவா வான், மியான்மரில் பிறந்த பிள்ளை.

மியான்மரில் பிறந்தவருக்கு முடிகிறது என்றால் நமக்கு? இங்கேதான் நம் கணக்கு தொடங்குகிறது.

75ஐத் தாண்டாத தராசு

மல்யுத்தம், குத்துச்சண்டை, பளு தூக்குதல் மூன்றிலும் இந்தியா ஒலிம்பிக்கில் இதுவரை வாங்கிய பதக்கங்களை எடைவாரியாக அடுக்கிப் பார்த்தேன். 1952 ஹெல்சிங்கியில் கே.டி. ஜாதவ் 57 கிலோ. சுஷில் குமார் இரண்டு முறையும் 66. யோகேஷ்வர் தத் 60, சாக்ஷி மாலிக் 58, பஜ்ரங் புனியா 65. டோக்கியோவில் ரவி தஹியா 57. பாரிஸில் அமன் செஹ்ராவத் மறுபடியும் 57. குத்துச்சண்டையில் மேரி கோம் 51, லவ்லினா 69, விஜேந்தர் 75. பளு தூக்குதலில் கர்ணம் மல்லேஸ்வரி 69, மீராபாய் சானு 49. மொத்தம் 13 பதக்கம். 75 கிலோவுக்கு மேலே ஒன்றுகூட இல்லை. மல்யுத்தத்தின் எட்டில் மூன்று அச்சாக 57 கிலோவில். எம்.எம்.ஏ.யின் 56.7க்கு அதுதான் பக்கத்து வீடு.

ஆனால், யு.எஃப்.சி.க்குப் போன நம் ஆட்கள் அந்த எடையில் போகவில்லை. 2017இல் ஷாங்காயில் முதலில் இறங்கிய பாரத் கண்டாரே 65.8 கிலோவில் தோற்றார். உத்தராகண்டின் அன்ஷுல் ஜூப்லி உலகத்திலேயே நெரிசலான 70.3இல் மாட்டிக்கொண்டு 2025 பிப்ரவரியில் சிட்னியில் 19 விநாடியில் விழுந்தார். நம் ஆட்களில் ஜெயித்துக் காட்டியவர் ஒரு பெண். உத்தரப் பிரதேசத்து முசாஃபர்நகர் மாவட்டம் புடானாவைச் சேர்ந்த பூஜா தோமர், வூஷூ பழகியவர், 2024 ஜூனில் 52.2 கிலோ பிரிவில் நூலிழையில் ஜெயித்து, யு.எஃப்.சி.யில் வெற்றி பெற்ற முதல் இந்தியர் ஆனார். அடுத்த சண்டையில் லண்டனில் கையை மடக்கிப் பிடித்துத் தோற்கடித்தார்கள். தரையில் உருளுகிற பாடம் இன்னும் படிக்க வேண்டியிருக்கிறது.

நம்ம உடம்பு வாகே சின்னது, கம்மங்கஞ்சியும் கேப்பைக்கூழும் குடித்த வம்சம், இதுக்கு மேல வராது என்று டீக்கடையில் சொல்வார்கள். நான் அதை முழுசாக நம்பவில்லை. கோலாலம்பூரில் அகிலன் தாணி என்கிற தமிழ்ப் பையன் குண்டுப் பிள்ளையாக இருந்து, எடை குறைக்க ஜியுஜிட்சு பழகப் போய், ஒன் சாம்பியன்ஷிப்பில் 83.9 கிலோப் பிரிவில் 2017இல் பென் ஆஸ்க்ரனோடு உலகப் பட்டத்துக்கே மோதினான். முதல் சுற்றில் தோற்றான், வயசு அப்போது 21. கனடாவில் பிறந்த பஞ்சாபி அர்ஜன் புல்லர் 2021இல் அதே கம்பெனியின் ஹெவிவெயிட் பட்டத்தையே வாங்கினார். சின்ன வயசில் என்ன தின்றோம், எத்தனை முட்டை கிடைத்தது என்பது வம்சத்தைவிடப் பெரிய விஷயம். ஆனாலும் இன்றைய தேதிக்குக் கோவில்பட்டி சுற்று வட்டாரத்தில் ஹெவிவெயிட் தேடிக்கொண்டு அலைவது வானம் பார்த்த பூமியில் நெல் நடுகிற வேலை.

பையன்களுக்கு 57 இருக்கிறது, சரி. உடம்பு இருக்கிறது, ஆனால் அங்கே ஏற்கெனவே தாகெஸ்தான், பிரேசில், ஜப்பான் என்று தள்ளுமுள்ளு. ஆள் வேண்டும் என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் பிரிவு வேறொன்று. பெண்களுக்கான 61.2.

ஒரு காலத்தில் பெண்களின் எம்.எம்.ஏ. என்றாலே இந்த எடைதான். ஜூடோவில் 2008 பெய்ஜிங்கில் வெண்கலம் வாங்கிய ரோண்டா ரௌஸி 2013இல் இதில்தான் முதல் சண்டை போட்டுப் பெண்களுக்கு யு.எஃப்.சி. கதவைத் திறந்தார். அதற்கும் மேலே 65.8 கிலோவில் ஒரு பிரிவை 2017இல் தொடங்கினார்கள். ஆள் சேரவே இல்லை. தரவரிசைப் பட்டியல்கூடப் போட முடியவில்லை. இரண்டு பட்டத்தையும் ஒருத்தியாகவே வைத்திருந்த பிரேசிலின் அமாண்டா நூனஸ் 2023 ஜூனில் ஓய்வு பெற்றதும் 65.8க்குச் சத்தமில்லாமல் பூட்டுப் போட்டார்கள். 61.2இல் இப்போதைய சாம்பியன் கெய்லா ஹாரிசன். 2012, 2016 ஒலிம்பிக்குகளில் ஜூடோ தங்கம் வாங்கியவர், அதுவும் 78 கிலோவில். வேறு கம்பெனியில் 70 கிலோவில் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர் இங்கே 61க்கு உடம்பை வற்றவைத்துக்கொண்டு இறங்கி 2025 ஜூனில் பட்டம் வாங்கினார். அவருக்கு எதிராளி யார் என்று பார்த்தால், ஓய்வுபெற்றுப் போன நூனஸையே மறுபடி கூப்பிட்டு மேடையில் நிறுத்த வேண்டியிருந்தது. ஆள் பஞ்சத்துக்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

கார்னரில் நிற்கிற பிள்ளை

இனி நம்மூர்ப் பள்ளி மைதானத்துக்கு வருவோம். கரிசல் மண் ஆட்டத்துக்கு ஒத்துவராத மண். மழை பெய்தால் காலோடு அப்பிக்கொண்டு வரும், கோடையில் கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். அதனால் பல ஊர்களில் வண்டிச் செம்மண் அடித்து நிரவித்தான் களம் போடுவார்கள். இப்போது வசதிப்பட்ட இடங்களில் மேட். ‘பைசன் காளமாடன்’ படம் வந்தபிறகு மணத்தி கணேசனைத் தமிழ்நாடே பேசுகிறது. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய கபடி அணியில் ஆடி அர்ஜுனா விருது பெற்றவர், தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்தான். ஆனால் அது தாமிரபரணித் தண்ணீர் பாய்கிற பக்கம், கரிசல் இல்லை. பெண்கள் கபடிக்கு இப்போதைய அடையாளம் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம், தமிழக அரசின் 25 லட்ச ரூபாய்.

கபடியில் பாடி வருகிறவளை எல்லாரும் பார்ப்பார்கள். நான் பார்க்கச் சொல்வது கார்னரில் குனிந்து நிற்கிற பிள்ளையை. பாடி வருகிறவள் போனஸ் கோட்டுக்குக் கால் நீட்டுகிற அரை விநாடியில் இவள் முழங்கால் மடக்கிச் சரிந்து கணுக்காலைக் கவ்வுவாள். இரண்டு கையும் பூட்டு மாதிரி விழும். தாடையை எதிராளியின் கெண்டைக்காலோடு ஒட்டிக்கொள்வாள். கால் உதறலில் மூக்கில் படாமல் இருக்க அது தன்னால் படிந்த பழக்கம். கவரில் நிற்பவள் தொடையைப் பிடித்துத் தூக்குவாள், அல்லது தோளால் டேஷ் அடித்து எல்லைக்கு வெளியே தள்ளுவாள். கூண்டுச் சண்டையில் ‘டேக்டவுன்’ என்று பெரிய பெரிய கோச்சுகள் வருஷக்கணக்கில் சொல்லிக்கொடுக்கிற பாடத்தில் பாதி இதுதான்: தாழ்ந்து நுழைவது, காலைப் பிடிப்பது, விடாமல் இருப்பது.

மீதிப் பாதி கபடியில் கிடையாது. பிடித்து நிறுத்தியதும் நடுவர் விசில் ஊதிவிடுவார். கூண்டில் விழுத்திய பிறகுதான் சண்டையே ஆரம்பம். இங்கே ஒருத்தி காலைப் பிடித்தால் ஓடிவந்து விழ இன்னும் நாலு பேர் உண்டு, அங்கே யாரும் இல்லை. முகத்தில் குத்து வாங்குவது என்பது வேறு உலகம். கபடி ஆடுகிறவளெல்லாம் நாளைக்கே கூண்டில் ஏறலாம் என்று சொல்ல வரவில்லை.

சொல்ல வந்தது எடையைப் பற்றி. கபடியில் 16 வயதுக்கு உட்பட்ட சப் ஜூனியர் பெண்களுக்கு 55 கிலோ வரம்பு. ஜூனியருக்கு 65. சீனியருக்கு 75. ஒன்பதாம் வகுப்பில், 15 வயசில், எலும்பு கனத்து 60 கிலோ இருக்கிற ஒரு பிள்ளை அவள் வயசுக்கான போட்டித் தராசில் ஏறவே முடியாது. ‘எடை கூட இருக்கே, குறைச்சிட்டு வாம்மா’ என்பார்கள். அல்லது ஜூனியர் வரட்டும் என்று உட்காரவைப்பார்கள். அதற்குள் பத்தாம் வகுப்புப் பரீட்சை வந்துவிடும், அதற்குப் பின் தீப்பெட்டி ஆபீஸோ கல்யாணமோ வந்துவிடும். உலகத்தில் ஆள் பஞ்சம் பிடித்த எடைக்கு ஒரு கிலோ சொச்சம் பக்கத்தில் நிற்கிறவளை நாம் ‘கூட’ என்று சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

குறைக்கச் சொல்வதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வினேஷ் போகாட் 2024 பாரிஸில் ஒரே நாளில் மூன்று பேரை ஜெயித்து, அதில் ஜப்பானின் யுயி சுசாகியும் அடக்கம், மறுநாள் காலையில் 50 கிலோவுக்கு மேல் 100 கிராம் காட்டியதால் வெளியேற்றப்பட்டதை நாடே பார்த்து அழுதது. அவர் இயல்பாக ஆடிக்கொண்டிருந்தது 53இல். 2015இல் சீனாவின் எம்.எம்.ஏ. வீரர் யாங் ஜியான் பிங் எடை இறக்கும் முயற்சியில் செத்தே போனார். அதன்பிறகுதான் ஒன் சாம்பியன்ஷிப் உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கிறதா என்று சோதிக்கத் தொடங்கியது. விருதுநகர் வெயிலில் ஜெர்கினோடு ஓடுகிற பிள்ளைக்கு அப்படி ஒரு சோதனை செய்ய எந்தக் கமிட்டியிலும் ஆள் கிடையாது.

வளர்கிற பிள்ளையின் எடையை இறக்கக் கூடாது, அந்த எடைக்கு ஏற்ற ஆட்டத்தைத்தான் தேட வேண்டும். அது நேராக எம்.எம்.ஏ.யாக இருக்க வேண்டியதில்லை. இருக்கவும் கூடாது என்பேன். எந்த அப்பாவிடம் போய் ‘உங்க பிள்ளையைக் கூண்டுச் சண்டைக்கு விடுங்க’ என்று கேட்பது? கேட்டால், வேலை கிடைக்குமா என்பார், மூக்கு முகரை உடைஞ்சா யார் கட்டுவா என்பார். கபடிக்கு ரயில்வே உண்டு, போலீஸ் உண்டு, தமிழக அரசின் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. எம்.எம்.ஏ. ஒலிம்பிக்கில் இல்லை. 2026 ஐச்சி–நகோயா ஆசிய விளையாட்டில்தான் முதன்முதலாக நுழைகிறது.

ஆனால், ஜூடோ ஒலிம்பிக்கில் இருக்கிறது. ரௌஸியும் ஹாரிசனும் அந்த வாசல் வழியாகத்தான் வந்தார்கள். பெண்களுக்கு 57, 63, 70, 78 என்று நம் கார்னர் பிள்ளைகளுக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற பிரிவுகள். இந்தியா சார்பில் 2012 லண்டனுக்கு 63 கிலோவில் கரிமா சவுத்ரி போனார். டோக்கியோவுக்கு 48 கிலோவில் சுசீலா தேவி, பாரிஸுக்கு 78க்கு மேற்பட்ட பிரிவில் துலிகா மான். இந்த மூன்று முறையும் ஜூடோவுக்கு ஒரே ஒரு ஆள்தான். நடு எடைகள் அப்படியே கிடக்கின்றன.

இதெல்லாம் கோவில்பட்டிக்கு ஆகிற காரியமா என்று கேட்பவர்களுக்கு ஹாக்கியைக் காட்டலாம். இந்த ஊர்ப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகக் கட்டாந்தரையில் மட்டை பிடித்தவர்கள். செயற்கைப் புல் தரையும் அரசு விளையாட்டு விடுதியும் வந்த பிறகுதான் மாரீஸ்வரன் சக்திவேல் இந்திய அணிக்குப் போனார். அரியலூரிலிருந்து வந்து இங்கே பழகிய கார்த்தி செல்வமும் போனார். திறமை முன்பும் இருந்தது, தரைதான் பிந்தி வந்தது. ஜூடோவுக்குப் புல் தரை அளவுக்குச் செலவு கிடையாது. ஒரு பள்ளிக்கூட ஹாலுக்குள் அடங்குகிற விரிப்பு போதும். கபடி மேட்டையே விரித்துப் பழகிவிடலாம் என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம். அது மெல்லிசு, தூக்கிப் போட்டால் முதுகு தாங்காது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: அடுத்த சப் ஜூனியர் செலக்‌ஷனில் 55க்கு மேல் காட்டித் திரும்பிப் போகிற பிள்ளைகளின் பெயர், வகுப்பு, எடை மூன்றையும் பி.டி. வாத்தியார் ஒரு நோட்டில் எழுதிவைக்கட்டும். செலக்‌ஷன் ஆனவர்கள் பட்டியல் எப்படியும் மாவட்டத்துக்குப் போய்விடும். இந்த இரண்டாவது பட்டியலைக் கேட்டு வாங்க மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் ஒரு ஆள் இருந்தால் போதும்.